பீஸ் கணக்கில் காசு கொடுத்தால் ஆல்டர் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) கூடுகிறதா?

ஊக்கத்தொகையை நிறுத்த வேண்டாம். எண்ணும் இடத்தை மாற்றுங்கள். தைத்த பீஸுக்கு இல்லை, முதல் செக்கிங்கிலேயே தேறிய பீஸுக்குத்தான் காசு என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பனியன் யூனிட்டில் உற்பத்தி ஏறியும் ஆல்டர் குவியக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்: கழுத்துப்பட்டியில் தையல் விட்ட பீஸுக்கும் இப்போது காசு கிடைக்கிறது.

ஒரே லைனில் இரண்டு வாரம் செய்து பாருங்கள். தேறிய எண்ணிக்கையைச் சாயங்காலமே போர்டில் எழுதுங்கள். சனிக்கிழமை சம்பளத்தோடு காசு கைக்குப் போகட்டும். நாங்கள் மாதக் கடைசிக்குத் தள்ளினோம், யாரும் நம்பவில்லை. அப்புறம், துணிக் கோளாறால் வந்த ஆல்டரை டெய்லர் தலையில் கட்டாதீர்கள். நல்ல கை வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

இந்த ஊக்கத்தொகை தீபாவளி போனஸுக்கு மாற்று இல்லை. தகுதியுள்ளவர்களுக்குச் சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம் தனியாகத் தர வேண்டும்.