ஞானப்பல்லும் பூர்வீகமும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்குத் தக்கலைப் பக்கம் ஒரு சிற்றூர். எங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழி வழியாக இங்கே வந்து குடியேறினார்கள் என்று ஆச்சி சொல்வார். பழங்காலத்துப் பற்களை வேதியியல் முறையில் சோதித்து, அந்த ஆள் எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்கிறார்களாமே. போன மாதம் என் ஞானப்பல்லைப் பிடுங்கினார்கள், தாளில் பொதிந்து வைத்திருக்கிறேன். அதைச் சோதித்தால் ஆச்சி சொன்னது உண்மையா என்று தெரியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தெரியாது. நீங்கள் சிறுவயதில் எங்கே வளர்ந்தீர்கள் என்பதைத்தான் அந்தப் பல் சொல்லும். ஆச்சியின் ஆச்சி எங்கிருந்து வந்தார் என்பது உங்கள் பல்லில் ஏறுவதில்லை. (அதற்கு மரபணுவைத்தான் பார்க்கவேண்டும், அது வேறு துறை.)

விஷயம் இதுதான். பாறையில் ஸ்ட்ரான்சியம் என்றொரு தனிமம் உண்டு, அதில் 87, 86 என்ற இரண்டு ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறான அணுக்களின்) விகிதம் பாறைக்குப் பாறை மாறும். ருபீடியம் என்ற இன்னொரு தனிமம் மெல்ல மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம் 87 ஆவதால், ருபீடியம் மிகுந்த பழைய பாறைகளில் அந்த விகிதம் கூடுதலாக இருக்கும். பாறை மண்ணாகி, மண்ணிலிருந்து நெல்லுக்கும் கீரைக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் போய், அதைச் சாப்பிட்டுக் குடிக்கிற பிள்ளையின் பல்லில் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எலும்பு ஆயுள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், புதைத்த பிறகும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மாறிப்போகும். பல்லின் வெளிப்பூச்சான எனாமல் அப்படியில்லை, ஒருமுறை உருவானால் அவ்வளவுதான். முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் பிறப்பையொட்டித் தொடங்கி மூன்று வயதுவாக்கில் முடிந்துவிடும். ஞானப்பல்லுக்கோ ஏழெட்டு வயதுக்குமேல்தான் தொடக்கமே. இரண்டையும் சுரண்டிப் பார்த்து எண்கள் வேறாக இருந்தால், நடுவில் அந்தப் பிள்ளை ஊர் மாறியிருக்கிறது.

ஹரப்பாவில் புதைக்கப்பட்டவர்களின் பற்களை இப்படித்தான் பார்த்தார்கள், 2015இல் வெளியான ஆய்வு. அங்கே அடக்கமானவர்களில் பலர் வெளியே எங்கோ பிறந்து, சின்ன வயதிலேயே நகரத்துக்கு வந்தவர்கள். பெயர் தெரியாது, பேசிய மொழி தெரியாது, ஆனால் நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு குழந்தை ஊரை விட்டு வந்ததைச் சில மில்லிகிராம் பல்தூள் சொல்லிவிடுகிறது. அந்த இடத்தைத் தாண்டி வாசிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சரி, நம் குமரி மாவட்டத்துக்கு வருவோம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, கடல். கடல்நீரில் இந்த விகிதம் உலகம் முழுக்க ஒன்றுதான், 0.7092. ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரைக்கும் சாளையை முள்ளோடு மென்று, உப்புக்காற்றில் வளர்ந்த பிள்ளைகளின் பல்லெல்லாம் அந்த எண்ணை நோக்கியே இழுபடும். பழங்காலத்தில் கொல்லத்துக் கடற்கரையில் பிறந்த ஒரு பெண் குளச்சலில் வாழ்ந்து இறந்திருந்தால், ஸ்ட்ரான்சியத்தை மட்டும் வைத்து அவளை வெளியூர்க்காரி என்று சொல்வது கஷ்டம். அவளே மலையடிவாரத்தில், பேச்சிப்பாறைப் பக்கம் போய் வாழ்ந்திருந்தால் கண்டுபிடிக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் 'இவள் இந்த மண்ணில் வளர்ந்தவள் அல்ல' என்பதை உறுதியாகச் சொல்லலாமே தவிர, எந்த ஊர் என்று விரல் நீட்டமுடியாது, ஒரே எண் உள்ள இடங்கள் பல இருக்கும். அதனால்தான் ஆக்சிஜனையும் சேர்த்துப் பார்க்கிறார்கள், குடித்த தண்ணீரின் தடம் அதில் இருக்கும். கார்பனைப் பார்த்தால் அரிசி தின்று வளர்ந்த வாயா, கேழ்வரகும் கம்பும் தின்ற வாயா என்று ஓரளவு பிரிக்கலாம்.

உங்கள் பல்லில் இதெல்லாம்கூடக் கலங்கித்தான் இருக்கும். நாஞ்சில் நாட்டு நெல்லை மட்டும் தின்றா வளர்ந்தீர்கள்? ஆந்திர அரிசி, எங்கோ விளைந்த பருப்பு, தூத்துக்குடி உப்பு எல்லாம் சேர்ந்த எனாமல் அது.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், 'பல்லை வைத்து எங்கள் ஆட்கள்தான் இந்த மண்ணின் ஆதிக்குடி என்று நிரூபிக்கலாம்' என்று இப்போது பலர் பேசுகிறார்கள். அது முடியாது. முதுமக்கள் தாழிக்குள் இருக்கிற பல் ஒரு மனிதரின் பிள்ளைப்பருவத்தைத்தான் வைத்திருக்கிறது, எந்தச் சாதியின் பட்டாவையும் அல்ல.

ஆச்சி சொன்னதைச் சோதிக்க வேறு வழிகள் உண்டு. உங்கள் குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது? கல்யாணத்துக்கு முதல் தாம்பூலம் எந்தப் பக்கம் போகிறது? வருகிற வழியில் எங்கே தங்கினார்கள், யார் நிலம் கொடுத்தார்கள், எந்தக் கிணறு தோண்டினார்கள் என்று ஆச்சியிடம் உட்கார்ந்து கேட்டு, போனில் பதிவு செய்துவிடுங்கள். இந்த மாதமே செய்யுங்கள்.