20 வொட் பெனலும் பொகவந்தலாவை மூடுபனியும்

பொகவந்தலாவை பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, ஹாம் ரேடியோவுல பேச எனக்குன்னு குடுக்குற அழைப்புப் பேரு, கோல்சைன், இப்பதான் கைக்கு வந்துச்சு. கொழும்புல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேன்டா யேசூ எஃப்டி 817 சின்ன ரேடியோ செட் ஒன்னு எடுத்துட்டேன். டித்வா புயல் நேரம் எங்க பக்கம் கரண்டும் இல்ல போன் சிக்னலும் இல்ல, அப்ப வந்த ஆசைதான் இது. 20 வொட் சோலார் பெனல் ஒன்னும் வாங்கி வச்சிருக்கேன். இத நேரா ரேடியோவுக்கு குடுக்கலாமா, இல்ல ஓட்டோ பெட்டரி ஒன்ன நடுவுல வைக்கட்டுமா? பெனலுக்கும் பெட்டரிக்கும் நடுவுல சார்ஜ் கொன்ட்ரோலர் போட்டா ரேடியோவுல இரைச்சல் வரும்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு, அது உண்மையா?"

தம்பி, நேரா குடுக்காதீங்க. பெனலுக்கு பின்னால 12 வோல்ட்னு ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க, அத நம்பிறாதீங்க, அது 12 வோல்ட் பெட்டரிய சார்ஜ் பண்ற பெனல்னுதான் அர்த்தம். உள்ள 36 செல் வரிசையா இருக்கும், ஒன்னையும் மாட்டாம வெயில்ல வச்சு மீட்டர்ல பாத்தீங்கன்னா 21, 22 வோல்ட் காட்டும், நம்ம ஊர் குளிருக்கு இன்னும் கொஞ்சம் கூடவே காட்டும், ஏன்னா பெனல் குளிர குளிர வோல்டேஜ் ஏறும். உங்க 817 தாங்குறது 8ல இருந்து 16 வரைக்கும்தான். காலைல குளிருல வெயில் பட்டுன்னு அடிக்கிற நேரம் ரேடியோ சும்மா கேட்டுக்கிட்டு இருந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

சரி, வோல்டேஜ குறைக்க ஒரு ரெகுலேட்டர் போட்டுர்றேன்னு சொல்வீங்க. அப்பவும் சரி வராது. 817 அஞ்சு வொட்ல அனுப்பும்போது கிட்டத்தட்ட 2 அம்பியர் இழுக்கும், உங்க பெனல் நல்ல வெயில்லயே 1.1 அம்பியர்தான் தரும், அதுவும் ஒரு மேகம் குறுக்க வந்தா பாதி கூட வராது. மைக்க அமுத்தி வாயத் தொறந்த உடனே வோல்டேஜ் விழுந்து செட் ஓஃப் ஆயிரும். பெனல் வேலை பெட்டரிய நிரப்புறது, ரேடியோவ ஓட்டுறது பெட்டரி. இத மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா மத்த கேள்வியெல்லாம் பாதி தீந்த மாதிரிதான்.

இப்ப கணக்குக்கு வருவோம், பெரிய கணக்கு இல்ல. 817 சும்மா கேட்டுக்கிட்டு இருக்கும்போது 0.4 அம்பியர் கிட்ட எடுக்கும். நாலு மணித்தியாலம் உக்காந்து அஞ்சுல ஒரு பங்கு நேரம் நீங்க பேசுறீங்க, மிச்ச நேரம் கேக்குறீங்கன்னு வைங்க. கேக்குறதுக்கு 1.3, பேசுறதுக்கு 1.6, மொத்தம் 3 அம்பியர் அவர் கிட்ட (ஒரு அம்பியர் ஒரு மணித்தியாலம் ஓடினா ஒரு அம்பியர் அவர்). எஸ்எஸ்பின்னு சொல்ற குரல் முறைல பேசினா உண்மைல இதவிட குறைவாத்தான் போகும், வார்த்தைக்கு நடுவுல கரண்ட் இறங்கிரும்ல. ஆனா கம்பியூட்டர் வழியா அனுப்புற எஃப்டி8 அடிச்சீங்கன்னா கத வேற, அதுல பாதி நேரம் முழு பவர்ல அனுப்பிக்கிட்டே இருக்கும், அதே நாலு மணித்தியாலத்துக்கு 5 அம்பியர் அவர் கிட்ட முடிஞ்சிரும். அதுக்கு மேல லெப்டொப்பையும் அதே பெட்டரில மாட்டினீங்கன்னா அது ரேடியோவவிட கூட குடிக்கும், அந்த தப்ப மட்டும் பண்ணிறாதீங்க. மோர்ஸ் தெரிஞ்சா மோர்ஸ்தான் சோலார்காரனுக்கு நல்ல கூட்டாளி.

அந்த 3 அம்பியர் அவர திருப்பி நிரப்ப, 13 வோல்ட்டால பெருக்கி, 40 வொட் அவர் வேணும்னு வைங்க. 20 வொட் பெனல் சாதா (பிடபிள்யூஎம்) கொன்ட்ரோலர்ல போனா கைக்கு கிடைக்கிறது 14 வொட் மாதிரி. அப்ப மூணு மணித்தியாலம் நல்ல வெயில் கிடைச்சா கணக்கு சரி. மன்னார்லயோ ஹம்பாந்தோட்டைலயோ இருந்தீங்கன்னா இதோட முடிஞ்சது, போய் ரேடியோவ போடுங்கன்னு சொல்லிருவேன். பொகவந்தலாவைல அந்த மூணு மணித்தியாலம் எப்ப கிடைக்கும்ங்கிறதுதான் தம்பி பிரச்சினையே.

நம்ம மலைநாட்டுல வெயில் கணக்க வொட்டுல பாக்கக்கூடாது, மலைக்கு எந்தப் பக்கம் இருக்கோம்னு பாக்கணும். நீங்க இருக்குற மேற்குப் பக்கம், ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா எல்லாம் மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் பருவ மழைல நனைஞ்சுக்கிட்டே கிடக்கும். அதே நேரம் நான் இருக்குற பண்டாரவளை பக்கம், ஊவால, கச்சான் காத்து அடிச்சு புல்லெல்லாம் காஞ்சு போய் ஜூலை மாசம் பெனல் சும்மா பொங்கும். டிசம்பர்ல இருந்து அப்படியே தலைகீழ், எங்களுக்கு மழையும் மூட்டமும், உங்களுக்கு ஜனவரி, பெப்ரவரில கண்ணாடி மாதிரி வானம். அதனால ஊவாக்காரன் யாராவது 20 வொட் தாராளம்னு சொன்னா அத அப்படியே எடுக்காதீங்க, அவரு எந்த மாசத்த வச்சு சொல்றாருன்னு மொதல்ல கேளுங்க, நான் உட்பட. கெட்டியா மூடுபனி இறங்கினா பெனல் பத்துல ஒரு பங்கு ரெண்டு பங்குதான் தரும். 20 வொட் பெனல்ல ரெண்டு மூணு வொட்ட வச்சு என்ன பண்றது, கேக்குறதுக்கே பத்தாது. மழை மாசத்துலயும் ஓட்டணும்னா இன்னொரு 20 வொட் வாங்கி பக்கவாட்டுல சேருங்க, பிளஸோட பிளஸ், மைனஸோட மைனஸ். இல்ல, கரண்ட் இருக்குற நாள்ல பிளக்குல சார்ஜ் பண்ணி வச்சிட்டு பெனல அவசரத்துக்குன்னு வைங்க, அதுல ஒரு வெக்கமும் இல்ல.

பெனல எந்தப் பக்கம் சாய்க்கிறது? இணையத்துல பாத்தா தெற்க பாத்து வைக்கச் சொல்வாங்க. நம்ம நாடு பூமத்திய ரேகைக்கு 7 பாகைக்கு பக்கத்துல கிடக்கு, ஏப்ரல் ஆரம்பத்துலயும் செப்டெம்பர் ஆரம்பத்துலயும் சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேலதான் நிக்கும், அதனால தெற்கா வடக்கான்னு பாக்குறதுல பெரிய லாபம் இல்ல. நம்ம ஊர்ல காலைல வெயில், பகல் ரெண்டு மணிக்கு மேல மேகம், இதுதான் பாதி வருஷம். அதனால நான் கிழக்கு பாத்து ஒரு 15 பாகை சாய்ச்சு வைப்பேன், மழைத் தண்ணியும் தங்காது. உங்க பக்கம் பள்ளத்தாக்கு, சூரியன் மலைக்கு மேல வர்றதே லேட், அது எத்தன மணிக்கு உங்க லயத்து முத்தத்துல விழுதுன்னு ரெண்டு நாள் பாத்து வைங்க. அப்புறம் நிழல். சவுக்கு மரத்தோட ஒரு கிளை நிழல் பெனல் மூலைல விழுந்தா மூலை மட்டும் போகும்னு நெனைக்காதீங்க, 36 செல்லும் ஒரே வரிசை, ஒன்னு அடைச்சா மத்ததையும் இழுத்துப் புடிக்கும். லிப்டன் சீட்டுக்கு ஒரு தடவ பெனல தூக்கிக்கிட்டு போனேன், ஒம்பதரைக்கெல்லாம் மூடுபனி ஏறி வந்து ஊரையே மூடிருச்சு, அன்னிக்கு பேசினதெல்லாம் வீட்டுல நிரப்பிக்கிட்டு போன பெட்டரில, பெனல் உக்காந்து சோறு திங்க பாயாத்தான் உதவுச்சு.

இப்ப பெட்டரி. ஓட்டோ பெட்டரி வேணாம் தம்பி. தோட்டத்துல டிவிக்கு அத வச்சு ஓட்டுறத பாத்திருப்பீங்க, ஓடும்தான், ஆனா அது ஸ்டார்ட் பண்ண ஒரு தடவ பட்டுன்னு குடுக்குறதுக்குன்னு செஞ்சது, மெல்லிசு பிளேட், ஆழமா இறக்கி இறக்கி ஏத்தினா சீக்கிரம் செத்துரும். யூபிஎஸ்ல வர்ற 12 வோல்ட் 7 அம்பியர் அவர் சீல்ட் பெட்டரி அதவிட பரவால்ல, டவுன்ல ஈசியா கிடைக்கும், ஆனா அதுலயும் பாதிதான் எடுக்கலாம், அப்புறம் ரெண்டு கிலோவுக்கு மேல கனம். நான் அத வேணாம்னு சொல்றதுக்கு கனம் காரணம் இல்ல. ஈய பெட்டரிய பாதி சார்ஜ்லயே விட்டா உள்ள சல்பேட் படிஞ்சு கெட்டுப்போகும், தினமும் நிறைய நிரப்பினாத்தான் அது உசுரோட இருக்கும். மேற்குப் பக்கம் ஜூன் மாசம் எந்த 20 வொட் பெனல் அத நிரப்பப் போகுது? லித்தியம் அயன் பொஸ்பேட், எல்லாரும் லைஃப்போன்னு சொல்வாங்களே, அதுக்கு பாதி சார்ஜ்ல கிடக்குறது ஒரு பொருட்டே இல்ல. 12.8 வோல்ட் 6 அம்பியர் அவர் ஒன்னு ஒரு கிலோவுக்கும் குறைவு, முக்காவாசிக்கு மேல தைரியமா எடுக்கலாம். விலை கூடத்தான், இல்லன்னு சொல்லல. பூஜ்ஜியத்துக்கு கீழ போன குளிருல மட்டும் அத சார்ஜ் பண்ணக்கூடாது, நுவரெலியா பக்கம் ஜனவரில புல்லுல உறைபனி பூக்குற விடியக்காலைல கவனம், உங்க பக்கம் வீட்டுக்குள்ள வச்சா போதும்.

இரைச்சல் விஷயத்துல உங்கள பயமுறுத்துனவரு பொய் சொல்லல. கொன்ட்ரோலர்னா ஒரு செக்கனுக்கு எத்தனையோ தடவ ஓன் ஓஃப் ஆகுற சுவிட்சுதான், அந்த வெட்டு ஒன்னொன்னும் 40 மீட்டர் அலைவரிசைல சர்ருன்னு கேக்கும். பெனல்ல இருந்து முடிஞ்ச அளவு பவர எடுக்குற எம்பிபிடி டைப் கொஞ்சம் கூடுதலா கரண்ட் தரும், ஆனா விலை குறைஞ்சதுல இரைச்சல் மோசம், 20 வொட்டுக்கு அந்த லாபம் சில வொட்தான். நானும் ஏமாந்திருக்கேன். ஒன்லைன்ல மலிவா எம்பிபிடின்னு ஒன்ன வாங்கி மாட்டினா 40 மீட்டர்ல எஸ்9 இரைச்சல், அதாவது பலமான சிக்னல் அளவுக்கே இரைச்சல், பக்கத்து ஸ்டேஷன் கூட அடியில போயிருச்சு. ஆத்திரத்துல கழட்டிப் பாத்தா உள்ள எம்பிபிடிக்கு வேண்டிய கொயிலே இல்ல, சாதா பிடபிள்யூஎம், மேல ஸ்டிக்கர் மட்டும்தான் எம்பிபிடி.

இதுக்கு செலவில்லாத மருந்து, கேக்குற நேரம் பெனல் பிளக்க புடுங்கிருங்க. பெட்டரி நாலு மணித்தியாலம் தாங்கும்னு மேலயே கணக்குப் போட்டோம்ல, அப்புறம் பேசும்போதே சார்ஜ் ஆகணும்னு என்ன அவசரம். இல்ல ஓடிக்கிட்டேதான் இருக்கணும்னா ஃபெரைட் வளையம் ஒன்னு, 31 நம்பர் மிக்ஸ் (கலவை) எச்எஃப்புக்கு, அதாவது குறுஅலைக்கு, நல்லது, அதுல பிளஸ் மைனஸ் ரெண்டு வயரையும் சேத்து ஏழெட்டு சுத்து சுத்துங்க, பெனல் பக்கம் ஒன்னு பெட்டரி பக்கம் ஒன்னு. வயர்ல சும்மா ஒருக்கா கிளிப் பண்ணி விடுற ஃபெரைட் மணியால பெரிசா ஒன்னும் நடக்காது, சுத்து கூட கூடத்தான் தடுப்பு ஏறும். ரெண்டு வயரையும் பின்னி விடுங்க, அன்டனாவ அதுல இருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் கட்டுங்க.

கொன்ட்ரோலர்ல லைஃப்போ செட்டிங் இருக்கான்னு பாத்து வாங்குங்க, 14.4 வோல்ட்டுக்கு மேல ஏறக்கூடாது. ஈய பெட்டரிக்குன்னு செஞ்சதுல ஈக்குவலைஸ்னு ஒன்னு 15 வோல்ட் வரைக்கும் தூக்கும், அப்ப பெட்டரிக்குள்ள இருக்குற பிஎம்எஸ்ங்கிற காவல் சர்க்கிட் பயந்து பெட்டரிய துண்டிச்சிரும். துண்டிச்சா பெட்டரி தப்பிக்கும், ஆனா வெளிய கொன்ட்ரோலரும் உங்க ரேடியோவும் மட்டும் தனியா மாட்டிக்கிட்டு இருக்கும், தாங்கிப் புடிக்க பெட்டரி இல்லாததால வோல்டேஜ் எங்க போய் நிக்கும்னு சொல்ல ஏலாது. பெனல புடுங்கிட்டு பேசுங்கன்னு சொன்னதுக்கு இரைச்சலவிட இதுதான் எனக்கு பெரிய காரணம். மாட்டும்போது பெட்டரி மொதல்ல, பெனல் அப்புறம், கழட்டும்போது பெனல் மொதல்ல. ரேடியோவ கொன்ட்ரோலரோட லோட் ஓட்டைல குடுக்காம நேரா பெட்டரில இருந்தே எடுங்க, பெட்டரி பிளஸ்க்கு பக்கத்துலயே 3 அம்பியர் ஃபியூஸ் ஒன்னு போட்டு.

வயர் நீளம் பத்தி நீங்க கேக்கல, ஆனா அதுலதான் பாதிப் பேர் சறுக்குறது. 1 ஸ்குவயர் மில்லிமீட்டர் வயர்ல 10 மீட்டர் தூரம் ரேடியோவுக்கு இழுத்தீங்கன்னா போக வர 20 மீட்டர், 2 அம்பியர் போகும்போது 0.7 வோல்ட் வயர்லயே செத்துரும். பெனல் பக்கம் அதே நீளத்துல 0.4 வோல்ட்டுக்கும் குறைவாத்தான் போகும், அங்க 18 வோல்ட் இருக்கு, கவல இல்ல. அதனால பெனல் முத்தத்துல, நீள வயர் பெனலுக்கும் கொன்ட்ரோலருக்கும் நடுவுல, பெட்டரியும் ரேடியோவும் மேசைல ஒட்டினாப்புல. லயத்து தகரத்துல படுக்க வைக்காதீங்க, பகல்ல கீழ இருந்து சூடு ஏறும், கீழ ரெண்டு விரல் இடைவெளி விட்டு கட்டையில நிறுத்துங்க. ஏப்ரல்லயும் ஒக்டோபர் நவம்பர்லயும் பின்னேரம் இடி முழங்குற சத்தம் கேட்டா அன்டனாவோட சேத்து பெனல் வயரையும் கழட்டி வெளிய போட்டுருங்க, சார்ஜ் ஆகலன்னா நாளைக்கு காலைல ஆகிக்கலாம்.