உட்ஸ்டாக்கில் யார் யார் பாடினார்கள்? – இசை கேள்வி பதில்

கேள்வி: கல்லூரி விடுதிக் காலத்திலிருந்தே நாங்கள் நான்கு பேர் ராக் ரசிகர்கள். 1969-ல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவில் பாடகர் பாப் டிலனும் லெட் செப்பலின் குழுவும் பாடினார்கள் என்று எங்களில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? – மதுரை வாசகர்

பதில்: இரண்டு பேருமே அங்கே இல்லை. பீட்டில்ஸும் இல்லை, டோர்ஸும் இல்லை. டிலன் வாழ்ந்த பகுதிதான் உட்ஸ்டாக். விழாவுக்கு அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, அது நடந்தது வெகு தூரம் தள்ளி, பெத்தல் என்ற ஊரில் மேக்ஸ் யாஸ்கரின் பால்பண்ணை நிலத்தில். டிலன் அதே ஆண்டு ஆகஸ்ட் 31-ம் தேதி இங்கிலாந்தின் வைட் தீவு விழாவில் பாடினார். உங்கள் நண்பருக்கு இரண்டு விழாவும் ஒன்றாகக் கலந்திருக்கலாம். வருவதாக இருந்து வராதவர்களும் உண்டு. அயர்ன் பட்டர்ஃபிளை குழு விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டது. ஜெஃப் பெக் குழு விழாவுக்கு முன்பே உடைந்துவிட்டது.

நண்பரைக் கடிந்துகொள்ளாதீர்கள். நானும் பல வருஷம் தப்பாகத்தான் நம்பியிருந்தேன். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1973-ல் சிங்கப்பூரிலிருந்து எங்கள் தூத்துக்குடி வீட்டுக்கு, அந்த விழாவின் கச்சேரிகள் அடங்கிய உட்ஸ்டாக் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். மூன்று எல்.பி. இசைத்தட்டுகள், ஆறு பக்கம். தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன் மேல் ஒன்றாகத் தானே விழுந்து பாடும் பிளேயருக்காக அதை அமைத்திருந்தார்கள். முதல் மூன்று பக்கமும் முடிந்ததும் அடுக்கை மொத்தமாகத் திருப்பி வைத்தால் நான்கு, ஐந்து, ஆறு வரும். அதனால் ஒன்றாம் பக்கத்தின் மறுபக்கம் ஆறு, இரண்டுக்குப் பின்னால் ஐந்து, மூன்றுக்குப் பின்னால் நான்கு. எங்கள் பிளேயரில் ஒரு தட்டுதான் வைக்க முடியும். முதல் தட்டில் பாடகர் ரிச்சி ஹேவன்ஸைக் கேட்டுவிட்டுத் திருப்பிப் போட்டால் ஜிமி ஹென்ட்ரிக்ஸ்! அந்தக் கிட்டார் அலறியதும் அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "ஏல, ஊசி ஒடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். ஹேவன்ஸும் ஹென்ட்ரிக்ஸும் அடுத்தடுத்து மேடையேறினார்கள் என்றே நினைத்திருந்தேன். உண்மையில், ஹேவன்ஸ் ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை மாலை முதலில் பாடியவர். ஹென்ட்ரிக்ஸ் திங்கள் காலையில் முடித்துவைத்தவர். நடுவில் மூன்று இரவுகள், ஞாயிறு மதியம் ஜோ காக்கர் முடித்ததும் மணிக்கணக்கில் கச்சேரியை நிறுத்திவைத்த பெருமழை. ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிட்டாரில் வாசித்தபோது கூட்டத்தில் பெரும்பகுதி ஊருக்குக் கிளம்பியிருந்தது.

கேள்வி: உட்ஸ்டாக்கைத் தொடங்கி வைத்தவர் எங்கள் கோவைப் பக்கத்துக்காரர் என்கிறார்களே? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஆமாம், சுவாமி சச்சிதானந்தர். 1914-ல் செட்டிபாளையத்தில் பிறந்தவர், இயற்பெயர் ராமசாமி. பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரிடம் ரிஷிகேஷில் துறவு பெற்றார். பிறகு இலங்கையில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1966-ல் நியூயார்க் போனார்.

ஆனால் முதலில் ஒலித்தது ஹேவன்ஸின் கிட்டார்தான். அன்று வழியெல்லாம் கார்கள் அடைத்து நின்றன. முதலில் பாடவேண்டிய ஸ்வீட்வாட்டர் குழு அதில் சிக்கிக்கொள்ள, கையில் இருந்த ஹேவன்ஸை மேடையேற்றினார்கள். தெரிந்த பாட்டெல்லாம் பாடித் தீர்த்த பிறகு, கறுப்பின மக்களின் பழைய பக்திப் பாடல் ஒன்றை எடுத்து, 'விடுதலை' என்ற ஒற்றைச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சேர்த்து, மேடையிலேயே ஒரு பாட்டைக் கட்டினார். அவருக்குப் பிறகு சுவாமி வந்தார், ஹெலிகாப்டரில். காவி உடையில் மேடை நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்து பேசினார். பொருளால் எல்லோருக்கும் உதவும் அமெரிக்கா ஆன்மிகத்தாலும் உலகத்துக்கு உதவும் காலம் வந்துவிட்டது, பிரபஞ்சத்தையே ஆள்வது நாதம் என்பது அவர் பேச்சின் சாரம். நாதத்தின் பெருமையை நமக்குச் சொல்ல யாரும் வேண்டாம். முடியை வளர்த்துக்கொண்டு வந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் செட்டிபாளையத்துக்காரர் அதைச் சொன்னார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

கேள்வி: டிக்கெட் எவ்வளவு? – திருச்சி வாசகர்

பதில்: முன்கூட்டியே வாங்கினால் மூன்று நாளுக்கும் சேர்த்து 18 டாலர். வேலி போட்டு முடிப்பதற்குள் கூட்டம் வந்து நிறைந்துவிட்டது. கடைசியில் எல்லோரையும் இலவசமாக விட்டார்கள். நான்கு லட்சம் பேருக்கு மேல் வந்ததாகக் கணக்கு.

கேள்வி: பண்டிட் ரவிசங்கர் அங்கே வாசித்ததை ரசித்தாரா? – சென்னை வாசகி

பதில்: இல்லை. வெள்ளி இரவு, அல்லா ரக்கா தபலாவோடு, மழைக்கு நடுவே வாசித்தார். சேற்றில் கிடந்த கூட்டம் நம் ஊர் எருமைகளை நினைவுபடுத்தியதாகப் பிறகு சொன்னார். அவர் மனசுக்குப் பிடித்தது 1967 ஜூனில் அமெரிக்காவில் நடந்த மான்டரே இசை விழா. மற்றவர்கள் சன்மானம் இல்லாமல் வாசித்த அந்த விழாவில் இவருக்கு மட்டும் 3,000 டாலர் கொடுத்து, ஞாயிறு பிற்பகல் முழுவதையும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த விழாவைப் பற்றிய படத்தில் கூட்டம் அவரைக் கேட்கும் விதத்தைப் பாருங்கள், சபாவில் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கேள்வி: உட்ஸ்டாக்கில் உங்கள் மனசுக்கு நெருக்கமான கச்சேரி எது? – நாகர்கோவில் வாசகர்

பதில்: உட்ஸ்டாக் விழாவைப் பற்றி 1970-ல் வந்த படத்தில் இல்லாத ஒன்று. படத்தில் வந்தவர்களையே விழாவில் பாடியவர்களாக நாம் வைத்துக்கொண்டுவிட்டோம். முதல் நாள் பெர்ட் சாமர் பாடியதும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. படத்தில் அவர் இல்லை, இன்று பெயர் கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. ரவிசங்கரும் இல்லை, ஜானிஸ் ஜாப்ளினும் இல்லை.

கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவையே சொல்வேன். வருவதாக முதலில் ஒப்புக்கொண்ட பெரிய குழு அதுதான். சனிக்கிழமை அவர்களுக்கு முன் வாசித்த கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு ஈர மேடையில் கிட்டாரைத் தொட்டாலே ஷாக். அவர்கள் இழுத்து இழுத்து முடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, கூட்டம் தூங்கிப்போயிருந்தது. இருட்டில் எங்கோ ஒருவர் லைட்டரை ஏற்றிக் காட்டி, "நாங்கள் இருக்கிறோம், பாடுங்கள்" என்று கத்தினாராம். அந்த ஒருவருக்காகவே மீதியைப் பாடினேன் என்று கிரீடன்ஸ் குழுவின் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி சொல்லியிருக்கிறார். திருப்தி இல்லாததால் படத்தில் சேர்க்கவும் அவர் சம்மதிக்கவில்லை.

2019-ல் அந்தக் கச்சேரி முழுதாக வெளிவந்தது. வந்த அன்றே, சித்தப்பா தந்த ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், அந்த லைட்டர்காரர் குரல் எங்காவது கேட்கிறதா என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.