சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி தண்ணிய எப்படி அளந்து வைக்கிறது?

கேள்வி: எங்க ஓடைக்கு மேல்பக்கம் நிலக்கரி சுரங்கம் வரப்போகுது. பின்னாடி தண்ணி கெட்டுப்போச்சுன்னா காட்டறதுக்கு இப்பவே டெஸ்ட் பண்ணி வைக்கலாம்னு இருக்கோம். பிஹெச் மீட்டர் ஒண்ணு இருந்தா போதுமா?

பிஹெச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற அளவு, அத மட்டும் பார்த்தா ஏமாந்துருவீங்க. நிலக்கரியோடயும் அதச் சுத்தியிருக்கற பாறையிலயும் பைரைட்னு இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் இருக்கலாம், அத தோண்டி வெளிய போட்டதும் காத்தும் தண்ணியும் பட்டு கந்தக அமிலம் உண்டாகும். ஆனா தண்ணியில ஏற்கனவே காரத்தன்மை நல்லா இருந்தா அந்த அமிலத்த அது சமாளிச்சுரும், பிஹெச் நடுநிலையான 7 கிட்டயே நிக்கும், அந்த அமிலத்துலேருந்து வர்ற சல்பேட் மட்டும் சத்தமில்லாம ஏறிட்டே இருக்கும். அதனால சல்பேட், அல்கலினிட்டி (மேல சொன்ன காரத்தன்மைதான்), இரும்பு, மாங்கனீஸ், அலுமினியம் இதெல்லாம் லேப்ல பார்த்துருங்க. கையில கண்டக்டிவிட்டி மீட்டர், அதாவது தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதுன்னு அளக்கறது, ஒண்ணும் வெச்சுக்குங்க, கரைஞ்ச உப்பு கூடினா அதுதான் சீக்கிரம் காட்டிக்குடுக்கும்.

ஒரே ஒரு தடவ எடுத்த சாம்பிள் வாதத்துக்கு நிக்காது. "அது கோடைக் கணக்கு, இது மழைக்காலக் கணக்கு"ன்னு சுலபமா தள்ளிருவாங்க. ஒரு வருஷம் முழுசா, மாசாமாசம் எடுங்க, ரெண்டு வருஷம் கிடைச்சா இன்னும் நல்லது. பலத்த மழை பெஞ்ச அன்னைக்கும் ஒண்ணு எடுக்கணும், எவ்வளவு கலங்கல் இயல்பானதுன்னு அப்பதான் தெரியும்.

இடம் விஷயத்துல நிறைய பேர் கோட்டை விடறாங்க. சுரங்கத்துக்குக் கீழ மட்டும் அளந்தா பாதிக் கதைதான். அதுக்கு மேல ஒரு இடம், சுரங்கமே இல்லாத பக்கத்து ஓடையில ஒரு இடம், ஒப்பிட்டுப் பார்க்க இது ரெண்டும் கட்டாயம் வேணும். கூடவே ஒரு மழைமானி. குழியில ஊறுற நிலத்தடி நீர பம்ப் வெச்சு இறைக்கும்போது சுத்துவட்டக் கிணறு இறங்கலாம், கேட்டா மழை இல்லைம்பாங்க, அப்ப மழைக்கணக்கும் தூரத்துல இருக்கற இன்னொரு கிணத்தோட மட்டமும்தான் உங்களுக்காகப் பேசும்.

கிணத்த அளக்கறதுக்கு முந்தின ராத்திரியே மோட்டார நிறுத்திருங்க, இல்லன்னா இறைச்ச மட்டம்தான் கிடைக்கும். விளிம்புல பெயிண்ட்ல ஒரு குறி போட்டு எப்பவும் அங்கேருந்தே டேப் இறக்குங்க. ஊத்து இருந்தா அளவு தெரிஞ்ச வாளிய வெச்சு, நிரம்ப எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பாருங்க, 20 லிட்டர் வாளி 40 செகண்ட்ல நிரம்பினா நொடிக்கு அரை லிட்டர், அவ்வளவுதான் கணக்கு.

பிஹெச்ச மட்டும் அங்கேயே பார்த்துருங்க, பாட்டில்ல எடுத்துட்டுப் போறதுக்குள்ள மாறிரும். கரைஞ்ச உலோகத்துக்கான சாம்பிள 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி, அப்புறம் நைட்ரிக் அமிலம் சேர்க்கணும், வரிசைய மாத்தினா மண்ணுல ஒட்டியிருக்கற உலோகமும் கரைஞ்சு கணக்குல வந்துரும். அமிலம் போட்ட பாட்டில லேப்லயே குடுப்பாங்க, கேட்டு வாங்குங்க. மீட்டர என்னைக்கு காலிபரேட் பண்ணீங்க (சரியா காட்டுதான்னு பார்த்து சரிபண்ணீங்க), சாம்பிள் யார் கையிலேருந்து யார் கைக்குப் போச்சு, இதையும் தேதி, நேரம், கையெழுத்தோட நோட்டுல எழுதிருங்க, எதிர்த்தரப்பு வக்கீல் முதல்ல கேக்கறது அதத்தான்.