ஏழு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் கார்: மாடல் கட்டுவோர் கேள்வி பதில்

கிட் என்று பாகம் பாகமாக வரும் பிளாஸ்டிக் மாடல் கார்களை வாங்கிக் கட்டுபவர்கள் கேட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பாதிக்கு மேல் பெயின்ட் சந்தேகம்தான். அதனால் அந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

கேள்வி: சார், எனக்கு நிஜக் கார் மேல் அவ்வளவு ஆசை. முதல் கிட் எடுக்கப்போகிறேன். 1/12, 1/24, 1/25, 1/43 என்று போட்டிருக்கிறது. எதில் ஆரம்பிக்க?

1/24 அல்லது 1/25. நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு, இருபத்தைந்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். தாமியா, ஹசெகவா, ஃபுஜிமி, ஆவோஷிமா மாதிரி ஜப்பான் கம்பெனிகள் பெரும்பாலும் 1/24-ல் செய்கின்றன. ஏஎம்டி, எம்பிசி மாதிரி அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 1/25தான் வழக்கம். நாலரை மீட்டர் நீளக் கார் ஒன்றில் 18.75 செ.மீ. வரும், இன்னொன்றில் 18 செ.மீ. அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 1/43 கைக்குள் அடங்கிவிடும் அளவு, முதல் கைக்கு அது கஷ்டம். 1/12-ல் பாகங்கள் ஏராளம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எஞ்சின் இல்லாத கிட்டாகவே எடுங்கள். பாடி, பெயின்ட், கண்ணாடி, இந்த மூன்றும் கைக்கு வந்தபின் எஞ்சினுக்குப் போகலாம். இன்னொன்று, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த காராக இருக்கட்டும். எங்கே தப்பு என்று கண்ணே காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: அண்ணா, நான் எப்படி அடித்தாலும் பெயின்ட் பொம்மைக் கார் மாதிரியே தெரிகிறது. நீங்கள் முதலிலிருந்து என்னென்ன செய்வீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள்.

பெயின்ட் ஸ்பிரே கேனைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும் தம்பி. பாடியை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மட்கார்டு முகட்டிலும் கூரைத் தூண் ஓரத்திலும் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடும். அச்சின் இரண்டு பாகமும் சேர்ந்த இடம் அது. நிஜக் காரில் அப்படி ஒரு கோடே கிடையாது. கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டிவிட்டு, 600, பிறகு 1000 நம்பர் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். பள்ளம் தெரிந்தால் பட்டி வைத்து மறுபடி தேயுங்கள்.

அடுத்தது கதவு, பானெட், டிக்கி இடுக்குகள். பிரைமர் என்ற அடிப்பூச்சு, கலர், கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு, இந்த மூன்றும் இறங்கினால் அந்தக் கோடுகள் தூர்ந்துவிடும். கத்தியின் முதுகை வைத்து, அழுத்தாமல் நாலைந்து தடவை இழுத்து ஆழப்படுத்திக்கொள்ளுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் பாடியைக் கழுவிக் காயவையுங்கள். அதற்குமேல் வெறும் விரலால் தொடவே கூடாது, எண்ணெய்ப் பசை ஒட்டிய இடத்தில் பெயின்ட் பிடிக்காமல் ஒதுங்கும்.

முதலில் பிரைமர், அது காய்ந்தபின் கலர். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்தால் தூறல் பொடியாக வரும். கொதிக்கும் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கேன் வெடித்துவிடும். இருபது செ.மீ. தூரத்தில் பிடித்து, பாடிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறுபக்கம் பாடியைத் தாண்டியபின் விரலை எடுங்கள். முதல் இரண்டு சுற்றும் தூவல் மட்டுமே, அடியில் இருக்கும் பிரைமர் தெரியத்தான் செய்யும், பதற்றப்பட வேண்டாம். மூன்றாவது சுற்றைக் கொஞ்சம் ஈரமாக, ஒரே சீராக. ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக வந்தால் தூரம் அதிகம், வழிந்தால் தூரம் குறைவு. காற்றில் ஈரம் நிறைந்த நாளில் லேக்கர் (சீக்கிரம் காயும் பெயின்ட் வகை) அடித்தால் வெள்ளை பூத்துவிடும், அன்று வேறு வேலை பாருங்கள்.

நீங்கள் கேட்ட ‘பொம்மை மாதிரி’ என்பதற்கு இப்போது வருகிறேன். நிஜக் கார் ஒன்றின் மேல் இருக்கும் மொத்தப் பூச்சும் சுமார் 0.1 மி.மீ. கனம்தான். அதே 0.1 மி.மீ. பெயின்ட் உங்கள் மாடலில் ஏறினால், 24 மடங்கு பெருக்கிப் பாருங்கள், 2.4 மி.மீ. பெயின்ட் பூசிய கார் மாதிரி ஆகிவிடும். கதவுக் கைப்பிடியின் ஓரம் மழுங்கும், எழுத்து முத்திரை மொழுக்கென்று ஆகும். கண் அதைத்தான் ‘பொம்மை’ என்கிறது. கலர் சரியாக மூடிய அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். நல்லதுக்கு இன்னொரு கோட் என்று கை போகும், விடாதீர்கள்.

கிளியர் அடித்தபின் ஒரு வாரம் மூடி வையுங்கள். காய்ந்ததா என்று பார்க்க விரல் வேண்டாம், மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பெயின்ட் வாடை அடிக்கும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வாடை நின்றபின் 3000 நம்பரில் தொடங்கி மெதுவாக ஏறிப்போய், கடைசியில் பாலிஷ் பசை. முகடுகளைத் தொடாமல் நடுப்பரப்பை மட்டும் தேயுங்கள். ஓரங்களில் பூச்சு எப்போதும் மெல்லிசாகத்தான் உட்காரும், இரண்டு இழுப்பில் பிரைமர் எட்டிப்பார்க்கும்.

கேள்வி: எனாமல் கலர் அடித்து, மேலே லேக்கர் கிளியர் போட்டேன். பாடி முழுக்கச் சுருங்கிப் போய்விட்டது. காப்பாற்ற முடியுமா?

முடியாது. உரித்துவிட்டுத் திரும்ப அடிப்பது ஒன்றே வழி. லேக்கரின் கரைப்பான் உக்கிரமானது, அடியிலிருக்கும் எனாமலைக் கிளறிவிடும். லேக்கர் மேல் எனாமல் போகலாம், எனாமல் மேல் லேக்கர் கூடாது. புதுக் கேன் எதுவானாலும் ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் முதலில் அடித்துப் பாருங்கள். தாமியா கேன் என்றால் டிஎஸ் வரிசைதான் நம் கிட்டுக்கு, பிஎஸ் வரிசை ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானது.

கேள்வி: சிவப்புப் பிளாஸ்டிக்கில் வந்த கிட்டுக்கு வெள்ளை அடித்தேன். இரண்டு நாளில் ரோஸ் ஆகிவிட்டது, ஏன்?

பிளாஸ்டிக்கில் இருக்கும் சாயம் கரைப்பானோடு சேர்ந்து மேலே ஏறிவந்துவிட்டது. கலருக்கு முன்னால் ஒரு சுற்று சில்வர் அடித்து மறித்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, எஞ்சினுக்கு ஒயர் போட்டேன், சீட் பெல்ட் போட்டேன், உலோகத் தகட்டுப் பாகமெல்லாம் தனியாக வாங்கி ஒட்டினேன். இருந்தும் நிஜமாகத் தெரியவில்லை. இன்னும் என்ன சேர்க்க வேண்டும்?

சேர்க்க ஒன்றுமில்லை. அளவைப் பாருங்கள். நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றுதான்.

1/24 மாடலை முப்பது செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். 24-ஆல் பெருக்கினால் 7.2 மீட்டர். அதாவது தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் காரைப் பார்க்கிற கண் அது. அங்கிருந்து ஸ்பார்க் பிளக் ஒயர் எப்படித் தெரியும்? நிஜத்தில் அது ஏழெட்டு மி.மீ. தடிமன், மாடலில் 0.3 மி.மீ. நீங்கள் அரை மி.மீ. ஒயர் போட்டிருந்தால், 12 மி.மீ. தடிமனில் தோட்டத்துக் குழாயைச் சொருகிய மாதிரிதான் இருக்கும். சீட் பெல்ட் நிஜத்தில் ஐந்து செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு, மாடலில் இரண்டு மி.மீ. கதவு இடுக்கு நாலைந்து மி.மீ., மாடலில் 0.2 மி.மீ. அந்த இடுக்கில் கன்னங்கரேல் என்று மை ஓட்டினால் வெள்ளைக் கார் கார்ட்டூன் ஆகிவிடும். வெள்ளைக்குச் சாம்பல் நிறம், சிவப்புக்கு அடர்பழுப்பு, கறுப்பைக் கிரில்லுக்கும் ஏர் இன்டேக்குக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மெட்டாலிக் பெயின்டும் இப்படித்தான். நிஜக் கார் பெயின்டை அப்படியே அடித்தால் ஒவ்வொரு மினுக்கும் 24 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆகப் பொடியான மினுக்கு உள்ளதாகத் தேடி எடுங்கள்.

எண்ணிக்கையும் சரியாக இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பாகம்) உள்ள வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு எட்டு பிளக் ஒயர், நடுவிலிருந்து காயிலுக்குப் போவது ஒன்று, ஆக ஒன்பது. எட்டோடு நிறுத்தியவர்கள் நிறையப் பேர்.

பிறகு, நிஜக் காரைப் போய்ப் பாருங்கள். தாமியா 1976-ல் 1/12 போர்ஷே 934 கிட் கொண்டுவந்தபோது, வெளியிலிருந்து அளவெடுத்தது போதாமல் ஒரு 911 காரையே வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள். நாம் கழற்ற வேண்டாம், நிறுத்திவைத்த காரின் அடியில் குனிந்து பார்த்தால் போதும். சைலன்சர் எஞ்சின் பக்கம் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம். பிரேக் டிஸ்கில் பேட் உரசும் வளையம் மட்டும் பளபளக்கும், நடுப்பகுதி துருப்பிடித்துக் கிடக்கும். இந்த இரண்டை மட்டும் மாடலில் கொண்டுவாருங்கள், தனியாக வாங்கிய பாகம் எதுவும் தராத உயிர் வரும்.

கேள்வி: ஹெட்லைட் கண்ணாடி ஒட்டினால் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு தெரிகிறது. மீன் கண் மாதிரி இருக்கிறது.

கண்ணாடியின் பின்னால் இருக்கும் ஆணியும், அது நுழையும் ஓட்டையும்தான் அது. ஆணியை நறுக்கி, 1000, 2000 நம்பர் தாளில் தேய்த்துப் பாலிஷ் போட்டால் பின்பக்கமும் தெளிந்துவிடும். ஓட்டையைப் பட்டியால் அடைத்து, ஹெட்லைட் கிண்ணத்துக்குப் பளபளக் கறுப்பு அடித்து, காய்ந்தபின் குரோம் பெயின்ட். அடியில் கறுப்பு எவ்வளவு பளபளக்கிறதோ, மேலே குரோம் அவ்வளவு கண்ணாடியாகும். லென்ஸைப் பல்குத்தும் குச்சி முனையில் தொட்ட வெள்ளைப் பசையால் ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். பொட்டு போன அந்த நிமிடம் கார் உங்களைத் திரும்பிப் பார்க்கும்.

கேள்வி: விண்ட்ஷீல்டை சூப்பர் க்ளூவில் ஒட்டினேன், பனி படர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

அதன் ஆவி படிந்தால் அப்படித்தான் ஆகும். லேசாக இருந்தால் பாலிஷ் பசையில் போகும். கண்ணாடிக்கு என்றைக்கும் வெள்ளைப் பசைதான், காய்ந்தால் தெளிந்துவிடும், தப்பானால் தண்ணீரில் துடைக்கலாம்.

கேள்வி: பழைய கிட் ஒன்றைப் பெட்டியோடு எடுத்துவைத்திருந்தேன். டயர் பட்ட இடத்தில் பாடி உருகியிருக்கிறது, டீக்காலும் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத் தாள்) மஞ்சளித்துவிட்டது.

இரண்டுமே எனக்கு நடந்திருக்கிறது. பல வருடம் மூடிவைத்த பெட்டியைத் திறந்தபோது, பானெட் மேல் டயரின் பட்டன் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அன்று வயிறு எரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. வினைல் டயரை மெதுமெதுப்பாக வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து, கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். அதனால் புதுக் கிட் வந்தவுடன் டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். கட்டும்போதும் ரிம்மில் டயர் படும் இடத்தில் பெயின்ட் அடித்து, காய்ந்தபின் டயர் மாட்டுங்கள். உருகிய இடத்துக்குப் பட்டிதான் மருந்து. மாட்டும் முன் டயரின் தரையைத் தொடும் பக்கத்தை உப்புத்தாளில் உருட்டித் தேயுங்கள், கடைப் பளபளப்பு போய் ஓடிய டயர் மாதிரி ஆகும்.

டீக்கால் ஷீட்டை ஜிப் பையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவையுங்கள். சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் மஞ்சள் வெளுக்கும். வயதான டீக்கால் தண்ணீரில் போட்டவுடன் துண்டு துண்டாகும், அதனால் மேலே ஒரு சுற்று கிளியர் அடித்து, காய்ந்தபின் வெட்டிப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. கார் கட்டியே ஆகவேண்டும் என்கிறான். இந்த வாடையெல்லாம் குழந்தைக்கு ஆகுமா அண்ணா?

லேக்கர், எனாமல் இரண்டையும் அவனிடம் கொடுக்காதீர்கள் அம்மா. பசை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் கிட்டும், தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கும், நல்ல தூரிகை ஒன்றும் போதும். கத்தி பிடிக்கும்போது பக்கத்தில் இருங்கள், பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை எடுப்பதற்கு ஒரு சின்ன கட்டிங் பிளேயர் கொடுத்துவிடுங்கள். பெரியவர்கள் லேக்கர் அடித்தால் காற்றோட்டமான இடம் வேண்டும், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் வேண்டும். துணி மாஸ்க் தூசிக்கே சரியாக ஆகாது.

முதல் காரில் அவன் கைரேகை பதிந்தால் துடைத்துத் திருத்தப் போகாதீர்கள். டீக்கால் கோணலாக இருந்தாலும் இருக்கட்டும். இரண்டாவது காரில் அவனே பாடியை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்க்க ஆரம்பிப்பான். அப்போது உப்புத்தாளை எப்படித் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது என்று சொல்லிக்கொடுங்கள்.