மஹிந்திராவின் ஃபோர் பை டூ, அதாவது பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தார் ஜீப் எடுத்தால் அது உண்மையான ஆஃப்ரோடு வண்டி ஆகாதா? ஜீப் பிரியர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

ஆகாது. வண்டி நல்ல வண்டிதான், வாங்குங்கள், சந்தோஷமாக ஓட்டுங்கள். ஆனால் அதை ஆஃப்ரோடு வண்டி என்று சொன்னால், உங்களைக் கேலி செய்யும் ஜீப் பிரியர்கள் பக்கம்தான் நான் நிற்பேன். அதே ஆட்கள் உழைத்துத் தேய்ந்த ஒரு ஜீப்பைப் பார்த்து "இது ஒரிஜினல் இல்லை" என்று சொன்னால் அவர்களுக்கு எதிராகவும் நிற்பேன்.

நீங்கள் நகரத்தில் வேலை பார்ப்பவர், பத்துப் பன்னிரண்டு லட்சம் பட்ஜெட், வாரக்கடைசியில் ஏற்காடு, வால்பாறை என்று போய்வர ஆசை என்று எடுத்துக்கொள்கிறேன். 2023 ஜனவரியில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் தார் வந்தது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான். ஆரம்ப விலை 9.99 லட்சம் என்று அறிவித்தார்கள். ஷோரூமில் உள்ளே உட்கார்ந்து கியர் லீவருக்குப் பக்கத்தில் பாருங்கள். ஃபோர் பை ஃபோர் வண்டியில் அங்கே சின்னதாக இன்னொரு லீவர் இருக்கும். இதில் அந்த இடத்தில் சில்லறைச் சாமான் போட்டுவைக்க ஒரு குழி இருக்கும். என் பதில் முழுக்க அந்தச் சின்ன லீவரைப் பற்றியதுதான்.

அது முன்சக்கரங்களையும் இழுக்க வைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் லோ கியர். எங்கள் பக்கம் ஓடும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் லோ போட்டால், இன்ஜின் அதே வேகத்தில் சுற்றினாலும் சக்கரத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகிவிடும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். இதெல்லாம் ஏற்றத்துக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உயிரைக் காப்பது இறக்கத்தில். மழையில் ஊறிய செம்மண் சரிவில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். லோ போட்டு, முதல் கியரில் வைத்து, பெடல்களிலிருந்து காலை எடுத்துவிட்டால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். ஆள் நடக்கிற வேகத்தில் வண்டி இறங்கும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்வதால் பின்சக்கரங்கள் லேசாகிவிடுகின்றன. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் வண்டியில் இன்ஜினின் பிடி முழுக்க அந்த லேசான சக்கரங்களில்தான் விழும், அவை பிடிமானம் இல்லாமல் சறுக்கும். நாலும் இழுக்கும் வண்டியில் பாரம் தாங்கும் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். இறக்கத்தில் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் ஹில் டிசென்ட் இருக்கிறதே என்று யாராவது கமெண்டில் வருவார்கள். அதுவும் பிரேக்கைத்தான் விட்டு விட்டுப் பிடிக்கிறது. நீளமான இறக்கத்தில் பிரேக் சூடேறும், லோ கியருக்கு அந்தக் கவலை இல்லை.

போடியிலிருந்து தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளில் டூ வீல் வண்டிகளும் இருக்கின்றனவே, அவை ஜீப் இல்லையா என்றும் கேட்பீர்கள். முந்தலிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் அது தார்ச்சாலை. நான் பேசுவது பூப்பாறை தாண்டி ஏலத்தோட்டத்துக்குள் திரும்பிய பிறகு வருகிற பாதையை. அதை ஓட்டிப் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வர மாட்டார்கள்.

இந்தக் கேள்வி என்னைச் சுடுவதற்குக் காரணம் இருக்கிறது. என் பெரியப்பா சூரியநெல்லிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டியவர். அப்புறம் பழைய மஹிந்திரா எம்எம்540 ஜீப் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். பச்சைக்காய் மூட்டை, உரம், விறகு, காயெடுக்கும் ஆட்கள் என்று அந்த வண்டி சுமக்காதது இல்லை. ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் தோட்டத்திலிருந்து காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் போகும் பாதையில் வேறு எந்த வண்டியும் தாக்குப்பிடிக்காது. அதில் வந்த பெஜோ டீசல் இன்ஜின் தேய்ந்து போனபோது, போடியில் ஒரு பட்டறையில் கமாண்டர் ஜீப்பின் டிஐ இன்ஜினை ஏற்றினார். ஆர்சி புத்தகத்திலும் முறைப்படி பதிந்தார். இடித்து நசுங்கிப் போன முன் கிரில்லுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் போட்டார்.

சில வருடங்களுக்கு முன் கோவைப் பக்கம் ஜீப் பிரியர்கள் கூடினார்கள். பெரியப்பாவும் நானும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே பொறுப்பில் இருந்த ஒருவர் பானெட்டைத் திறக்கச் சொன்னார், பார்த்தார், "இன்ஜின் மாத்திட்டீங்களே சார். பெஜோ இருந்தாத்தான் இது எம்எம்540. இது இப்ப அசெம்பிள்டு வண்டி" என்றார். பெரியப்பா, "மலையில வழியில நின்னுறக் கூடாதுல்ல தம்பி, அதான் மாத்துனோம்" என்று பொறுமையாகத்தான் சொன்னார். வண்டியை வரிசையில் விடாமல் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

வரிசையின் நடுவில் நின்றது, இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க ராணுவ ஜீப்பான பழைய வில்லிஸ் போலக் கட்டிய ஒரு ஜீப். ஆலிவ் பச்சைப் பெயின்ட், ஜெர்ரி கேன், பக்கவாட்டில் மண்வெட்டி. மண்டி டப்வாலியில் சொல்லிச் செய்தது என்று அதன் சொந்தக்காரரே சொன்னார். ஹரியானாவில் இருக்கும் அந்த ஊர் ஜீப் கட்டுவதற்குப் பேர் போனது, கைவேலை சுத்தமாக இருக்கும், அவர்களைக் குறை சொல்லவில்லை. நான் குனிந்து அடியில் பார்த்தேன். முன் அச்சில் சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் கிரவுன் பல்சக்கரமே இல்லை. டூ வீல் வண்டி நடுவில் நிற்கிறது, இத்தனை வருடம் லோ கியரில் மலை இறங்கிய வண்டி ஓரத்தில் நிற்கிறது. திரும்பி வரும்போது பெரியப்பா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் கொதித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் ஆறவில்லை.

ஜீப்பின் பிறப்பைத் தெரிந்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். 1941இல் வில்லிஸ் எம்பி என்ற ராணுவ ஜீப் வந்த பிறகு அதே வடிவத்தில் ஃபோர்டும் ஜிபிடபிள்யூ என்று ஜீப் செய்து கொடுத்தது. ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும், அடிபட்ட வண்டியின் சாமானைக் கழற்றி ஓடுகிற வண்டியில் மாட்ட முடிய வேண்டும், அதுதான் ராணுவத்தின் தேவை. 1947இல் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோக்க ஆரம்பித்ததிலிருந்து நம் ஊர்ப் பட்டறைகளும் அதைத்தான் செய்துவருகின்றன. இன்ஜின் மாறியதால் ஜீப் என்ற தகுதி போகாது. லோ கியரைக் கழற்றினால் போகும்.

இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு அச்சு, ஸ்பிரிங் பட்டை, ஏழு பிளவு கிரில் என்று ஜீப் பிரியர்கள் அடுக்கும் மற்ற அடையாளங்களில் அச்சுக்கு மட்டும் நான் மதிப்புக் கொடுப்பேன். முழு அச்சில் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறும்போது மறு பக்கச் சக்கரம் கீழே அமுங்கித் தரையைத் தேடும். 2010 தாரில் முன்பக்கம் முழு அச்சு போய், சக்கரங்கள் தனித்தனியே அசையும் டார்ஷன் பார் வந்தபோது பழையவர்கள் முகம் சுளித்தது அதனால்தான். நியாயமான வருத்தம். ஆனால் அந்த வண்டியும் லோ கியரோடு நன்றாகவே மலை ஏறி இறங்கியது. 2023இல் வந்த மாருதி ஜிம்னியைப் பொம்மை வண்டி என்றார்கள். உடலுக்கு அடியில் தனிச் சட்டமாக சேசிஸ், முன்னும் பின்னும் முழு அச்சு, லோ கியர் மூன்றும் அதில் இருக்கின்றன. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் இப்படித்தான், எடை குறைந்த வண்டி, சேற்றில் மிதந்து போகும். பெயரையும் உருவத்தையும் பார்த்து ஒதுக்குவது சரியில்லை.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன். 15 வருடம் தாண்டிய வண்டியை வைத்திருப்பவன் குற்றவாளியா? 2022 ஏப்ரலிலிருந்து கார், ஜீப்புகளுக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பசுமை வரி தனி. பெரியப்பா வண்டிக்குப் புதுப்பிக்கப் போன இடத்தில், "இன்னும் இந்த டப்பாவை வெச்சிருக்கீங்களா, எடைக்குப் போட்டுருங்க" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். புகை அளவு சரி, பிரேக் சரி, விளக்கு சரி. பிறகு எதற்கு அந்தப் பேச்சு? ஒரு வண்டியைப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவனுக்கு இந்த நாட்டில் மரியாதை இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தார்ச்சாலை, நல்ல மண்ரோடு, தங்கும் விடுதி வாசல் வரை என்றால் ஃபோர் பை டூவே போதும், வீணாகப் பணத்தைக் கொட்டாதீர்கள். அதற்கு அப்பாலும் போகத்தான் ஆசை என்றால் கொஞ்சம் பொறுத்து ஃபோர் பை ஃபோர் எடுங்கள், பழையதானாலும் பரவாயில்லை. பழையது பார்க்கப் போனால் மண் சரிவு ஒன்றுக்கு ஓட்டிப் போய் லோ போட்டு, பிரேக்கைத் தொடாமல் இறக்கிப் பாருங்கள். லீவர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்தாலோ, உள்ளே பல் அரைக்கும் சத்தம் கேட்டாலோ அந்த வண்டி வேண்டாம். தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டுத் திருப்பிச் சோதிக்காதீர்கள், முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஜாயின்ட் போய்விடும். விற்பவர் அப்படித் திருப்பிக் காட்டினால், அவர் இத்தனை நாளும் அந்த லீவரை எப்படி நடத்தியிருக்கிறார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.