இன்ஜெக்டரைக் கழற்றும் முன் சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: தாராபுரத்திலிருந்து பொள்ளாச்சி, கோயமுத்தூர் பக்கம் தேங்காயும் தென்னை நார்க் கட்டும் ஏற்றிப் போகிறேன். 2012 மாடல் டீசல் பிக்கப். லிட்டருக்கு 13 கொடுத்த வண்டி இப்போது 10-ஐத் தாண்டுவதில்லைங்க. மேடு ஏறினால் கறுப்புப் புகை வேறு. நாலு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாமுங்க. சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கெட்டாலும் மைலேஜ் குறையும், கறுப்புப் புகை வரும் என்பது உண்மைதான். ஆனால் அதே இரண்டு அறிகுறியையும் காட்டக்கூடிய, செலவு குறைந்த காரணங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, கடைசியில்தான் இன்ஜெக்டருக்கு வர வேண்டும்.

முதலில் அந்த 10 என்ற கணக்கு சரிதானா என்று பாருங்கள். டேங்கை நிரப்பி, நாசில் தானாக முதல் முறை நிற்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். 300 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டிவிட்டு, அதே பங்கில், அதே பம்பில், வண்டியை அதே பக்கம் பார்க்க நிறுத்தி மறுபடி நிரப்புங்கள். 312 கி.மீ. ஓடி 29.4 லிட்டர் பிடித்தால் 10.6. இப்படி மூன்று முறை எடுத்தால்தான் நம்பலாம். இடையில் டயர் அளவை மாற்றியிருந்தால் கணக்கு தவறும். 5 சதவீதம் பெரிய டயர் போட்டால், 105 கி.மீ. ஓடியிருக்கும்போது மீட்டர் 100 என்றுதான் காட்டும். டீசல் கூடுதலாகக் குடிக்காமலே மைலேஜ் குறைந்த மாதிரி தெரியும்.

உங்கள் தடத்தில் காற்றும் ஒரு காரணம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உடுமலை, தாராபுரம் பக்கம் எந்த வேகத்தில் அடிக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மேற்கே போகும்போது அது எதிர்காற்று. கூண்டு உயரத்துக்கு நார்க் கட்டு ஏற்றி, தார்ப்பாய் படபடக்கப் போனால் எஞ்சின் நல்லாயிருந்தாலும் மைலேஜ் விழும். ஆடி மாதக் கணக்கைத் தை மாதக் கணக்கோடு ஒப்பிடக் கூடாது. போக வர இரண்டையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

அடுத்து சக்கரம். பழைய பிக்கப்பில் அதிகம் கவனிக்காமல் விடப்படுவது பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவதுதான். 20 கி.மீ. ஓட்டிவிட்டு, கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக்கை மிதிக்காமல் வந்து நிறுத்துங்கள். நாலு ஹப்புக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அதுதான் குற்றவாளி. சமதரையில் நியூட்ரலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பின்சக்கரத்தில் டிஃபரன்ஷியலின் லேசான கனம் இருக்கும், அது இயல்பு. இறுகிப் பிடித்தால், பிரேக்கில் காற்றெடுக்கும் பிளீடர் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் ஆயில் அழுத்தம் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது: ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதி அடைத்திருக்கும், அல்லது மாஸ்டர் சிலிண்டர் ராடுக்குக் கொஞ்சம்கூடத் தளர்வு (ப்ளே) இல்லாமல் இருக்கும். தளர்த்தியும் விடுபடாவிட்டால் துருப்பிடித்த காலிபர் பிஸ்டன், அளவுக்கு மேல் இறுக்கிய பிரேக் ஷூ, திரும்பாத ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகிய மூன்றில் ஒன்று. வேலை முடிந்ததும் பிரேக்கில் காற்றெடுக்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

டயர் காற்றைக் கதவோரத் தூணில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது அடியுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறு. காருக்கு அடிப்பது போல 30, 35 பி.எஸ்.ஐ. அடித்துச் சுமை ஏற்றுவது டீசலையும் டயரையும் சேர்த்துத் தின்னும்.

இனிப் புகை. உள்ளே போகும் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்றால் கறுப்பாகத்தான் வரும். நீங்கள் நார் மில்களில் நின்று ஏற்றுகிறீர்கள். அங்கே பறக்கும் தூசி ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும். கம்பெனி சொல்லும் இடைவெளியில் பாதியிலேயே மாற்றுவது நல்லது. ஊதுவதாக இருந்தால் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் குத்தி நிற்கும். இன்டர்கூலர், ரேடியேட்டர் முகப்பிலும் நார் படிந்திருக்கும், கழுவிவிடுங்கள். டர்போ வண்டியென்றால் டர்போவிலிருந்து எஞ்சின் வரை போகும் ஹோஸ்களின் அடிப்பக்கத்தைக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வெடிப்பு மேலிருந்து பார்த்தால் தெரியாது. கிளாம்ப் பக்கம் எண்ணெய்க் கசிவும், ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது சீறலும் இருந்தால் காற்று அங்கேதான் போகிறது. இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் வால்வு) உள்ள வண்டியில் அது கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இதே புகைதான்.

எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி ஒருமுறை சூடானால் போதும், நம்மூர் வெயிலுக்கு இது எதற்கு என்று சில பட்டறைகளில் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அது தவறு. எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வராமலே ஓடும். டீசல் முழுதாக எரியாது, ஆயில் கெட்டியாகவே நின்று உராய்வைக் கூட்டும், காமன் ரயில் வண்டியில் (கணினி கட்டுப்பாட்டில் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை) கணினியும் குளிர் எஞ்சின் என்று நினைத்தே டீசலை விடும். காலையில் குளிர்ந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, ஃபேன் பக்கம் போகாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முதல் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. புதிதை மாட்டுங்கள். சூடு ஏறியதற்கு அடைத்த ரேடியேட்டரோ தேய்ந்த வாட்டர் பம்போ காரணமாக இருந்திருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்து, டீசல் ஃபில்டரும் மாற்றிய பிறகுதான் இன்ஜெக்டர். காமன் ரயில் என்றால் ரிட்டர்ன் பைப்புகளைக் கழற்றி, நாலு சின்ன பாட்டிலில் விட்டு, ஐடிலிங்கில் இரண்டு மூன்று நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். மற்றவற்றைவிட மிக அதிகமாக நிரம்பும் பாட்டிலின் இன்ஜெக்டர் உள்ளே கசிகிறது. அதைக் கழற்றிப் பம்ப் ரூமில் (டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பழுதுபார்க்கும் பட்டறை) டெஸ்ட் பெஞ்சில் போட்டு அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஹை பிரஷர் பைப்பை எஞ்சின் ஓடும்போது யாரையும் தளர்த்த விடாதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் நாசில் திறக்கும் அழுத்தமும் தெளிப்பும் பார்த்து, பம்ப் டைமிங் சரிபார்த்தால் போதும். எப்படியானாலும் மறுபடி மாட்டும்போது இன்ஜெக்டருக்கு அடியில் போடும் செம்பு வாஷர் புதிதாக இருக்கட்டும்.

டீசலில் மண்ணெண்ணெய், அந்துருண்டை கலப்பது, பைப்பில் காந்தம் கட்டுவது எதுவும் வேண்டாம். பம்புக்கு வழவழப்புக் கொடுப்பதே டீசல்தான், மண்ணெண்ணெய் அதைக் கெடுக்கும். திம்பம் மாதிரி மலை இறக்கத்தில் டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுவதும் வீண். கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரை விட்டால் காமன் ரயில் எஞ்சின் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் ஐடிலிங்குக்கு டீசல் போகும், பிரேக்கும் சூடேறித் தோற்கும்.

கடைசியாக ஒன்று பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா, ஆயிலும் அடிக்கடி குறைகிறதா? அப்படியானால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் நாலு புது இன்ஜெக்டர் போட்டாலும் அந்த 13 திரும்பி வராது.